சின்னத்துரை பங்களாவில் எடுத்த குழந்தைக் கட்டில்

அந்தப் பெண் "இல்ல டீச்சர், சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று சொன்னபோது நான் அதை உண்மையிலேயே நம்பினேனா? நான்கு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறேன், பாத்திரம் கழுவுகிறேன், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன். ஒரு நாள், நம்பினேன் என்று தோன்றுகிறது. மறுநாள், நம்புவது எனக்கு வசதியாக இருந்ததால் நம்பிவிட்டேன் என்று தோன்றுகிறது.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், உதவி மேனேஜர்கள் குடியிருந்த சின்னத்துரை பங்களாவைச் சுற்றுலா விடுதியாக்கக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு உள்ளே இருந்த பழைய தளபாடங்கள் தேவைப்படவில்லை. சனிக்கிழமை பங்களா முற்றத்திலேயே ஏலம் என்று தலவாக்கலை கடைவீதியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அலுமாரி, சாப்பாட்டு மேசை, சாய்வுக் கதிரை என்று நீண்டு போன பட்டியலின் அடியில் 'குழந்தைக் கட்டில் 1' என்று இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது.

அதற்கு முந்தைய வாரம்தான் என் மகள் எங்கள் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். கீழே பாய் விரித்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். "பிள்ளை நல்லா இருக்கு, அம்மாவுக்குத்தான் மருந்து வேணும் போல" என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை.

பிறப்பதற்கு முன்பே ஒரு கட்டில் வாங்கி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. பிள்ளை பிறந்து முகத்தைப் பார்க்கும்வரை ஒரு துண்டுத் துணிகூட வாங்கக் கூடாது என்பது மாமியாரின் கண்டிப்பு. இன்னது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருப்பதுதான். பழைய சேலைகளைக் கிழித்து எடுத்துக்கொண்டுதான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் பிறந்த பிறகுதான் என் கணவர் மழையில் ஓடிப்போய்ச் சட்டையும் சவர்க்காரமும் வாங்கி வந்தார். ஆகவே இந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் ஏலத்துக்குப் போனோம். ஒன்பது மணியிலிருந்து பொருட்களைப் பார்க்கலாம், பதினொரு மணிக்கு ஏலம். முன்பணம் கட்டுபவருக்கு இலக்கம் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அட்டையை உயர்த்தித்தான் கேட்க வேண்டும். எல்லாத் தளபாடங்களையும் வெளியே எடுத்துப் புல்லில் வைத்திருந்தார்கள். கண்டியிலிருந்து வந்த வியாபாரிகள் மேசைகளைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். மேசை லாச்சிகளை வெளியே உருவி மூலைகளை முகர்ந்தார்கள். நானும் என் பங்குக்குக் கைப்பையிலிருந்து ஒரு வெறும் சோடா டின்னை எடுத்தேன். கட்டில் சட்டங்களுக்கு இடையில் சோடா டின் நுழைந்தால் பிள்ளையின் உடம்பும் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும் என்று போனில் எங்கோ வாசித்திருந்தேன். என் கணவர் என்னைத் தெரியாதவர் மாதிரி அலுமாரிகள் பக்கம் போய்விட்டார்.

"டின்ன வச்சு என்னா டீச்சர் அளக்குறீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அவருடைய கணவரின் தங்கை மகன் என் வகுப்பில் படிக்கிறான். பள்ளிக்கூட வாசலில் அவரைப் பார்த்திருக்கிறேன். இப்போது வயிற்றில் பிள்ளை, ஏழெட்டு மாதம் இருக்கும். வயிற்றுக்கு மேல் ஸ்வெட்டரின் பொத்தான் பூட்டாமல் கிடந்தது. நான் விளக்கத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்ல வேள, ஸ்கூல்ல கதவு ஜன்னலுக்கெல்லாம் டின்னு வச்சுப் பாக்கல நீங்க."

சிரித்தவர், டின்னை என் கையிலிருந்து வாங்கி, தன் பக்கத்துச் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சிரமப்பட்டுக் குனிந்தார். "இந்தப் பக்கம் நொழையல டீச்சர். இது லேசா... இல்ல, இதுவும் நொழையல." அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சக்கரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தார். "பலக நல்லா இருக்கு. வார்னிசு மேல வார்னிசா அடிச்சிருக்காங்க. புள்ள பல்லு மொளைக்கிறப்ப கடிக்கும். சொரண்டி எடுத்துட்டுத்தான் போடணும்."

நான் சோதித்ததைவிட அவர் நன்றாகச் சோதித்தார். அதைப் பார்த்ததால்தான் கேட்டேன். "நீங்க எடுக்குற மாதிரி இருக்கீங்களா?"

அவர் கட்டிலிலிருந்து சட்டென்று கையை எடுத்தார். "ஐயோ, இல்ல டீச்சர், சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அவர் கையில் இலக்க அட்டை இல்லை. அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஏலக்காரர் சிங்களத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை என்று சொல்லிக்கொண்டு போனார். கட்டில் வந்தபோது குரலை உயர்த்தினார். "தொரை புள்ளைங்க படுத்த கட்டிலு! இதுல போட்டா புள்ள அழுவுறது கூட இங்கிலீஷ்லதான் அழுவும்!"

"அப்ப எங்க வீட்டுக்காரரப் போடுங்கய்யா. லயமே அதிரக் கத்துறாரு, இங்கிலீஷ்லயாவது கத்தட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுக்க, முற்றமே சிரித்தது.

வியாபாரிகளுக்கு அதில் அக்கறை இல்லை. நாலாயிரத்தில் தொடங்கியது. நான் அட்டையை உயர்த்தினேன். பின்னால் யாரோ ஓர் ஆண் ஐந்நூறு கூட்டினார். நான் கூட்டினேன். அவர் கூட்டினார். எட்டாயிரத்துக்கு மேல் அவர் ஒவ்வொரு முறையும் தாமதித்துத்தான் கேட்டார். நான் பத்தாயிரம் என்றதும் என் கணவர் முழங்கையைத் தொட்டார். "பின்னால தம்பி, என்னா, அக்காவுக்கே விட்டுட்டீங்களா?" என்றார் ஏலக்காரர். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். அட்டையைத் தாழ்த்திப் பிடித்திருந்த ஓர் இளைஞர் வராந்தாப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே, மற்றப் பெண்களோடு நின்ற அந்தக் கர்ப்பிணி, மெதுவாகத் தலையை ஆட்டினார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஏதோ பதில் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கட்டில் எனக்கு.

சின்ன லொறியில் ஏற்றும்போது அவரே அருகில் வந்தார். மேல்சட்டத்தில் இருந்த தூசியைத் தன் தலைத்துண்டால் துடைத்துவிட்டார். "கால் பக்கம் இடிக்காமத் தூக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை, என் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்த அவன் அம்மா, அதாவது அந்தப் பெண்ணின் நாத்தனார், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"அந்தக் கட்டில நீங்கதான் எடுத்தீங்களாமே டீச்சர். எங்க அண்ணன் பின்னால நின்னு கேட்டாரே, பாக்கலியா?"

உங்கள் அண்ணி சும்மா பார்க்க வந்ததாகத்தானே சொன்னார் என்றேன்.

"அண்ணி அப்புடித்தான் சொல்லுவாங்க. மொதப் புள்ளைக்குச் சட்ட, தொப்பி, மெத்தன்னு எல்லாத்தயும் முன்னுக்கே வாங்கி வச்சிருந்தாங்க. அது தங்கல. அதுலருந்து எதயும் வேணும்னு வாயத் தொறக்குறதில்ல. அண்ணன் எடுத்து எங்க வீட்ல போட்டு வைக்கிறதா இருந்துச்சு. புள்ள பொறந்த பெறகு தூக்கிட்டுப் போகலாம்னு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார். "பரவால்ல டீச்சர், ஒங்க பாப்பாவுக்குத்தானே."

அந்தத் தலையாட்டல் யாருக்கு என்று அப்போது புரிந்தது. கையில் இருந்த பணம் அவ்வளவுதான் என்று கணவரைத் தடுத்தாரா, டீச்சரோடு போட்டி போட வேண்டாம் என்று தடுத்தாரா, அது மட்டும் இன்னும் தெரியவில்லை.

கட்டில் அதற்குள் எங்கள் வீட்டில் இருந்தது. வார்னிஷைச் சுரண்டி, காய வைத்து, மெத்தை தைத்துப் போட்டோம். மகளை உள்ளே விட்ட நொடியில் அலறினாள். சட்டங்களைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, என்னைச் சிறைச்சாலை வாசலில் பார்க்கிற மாதிரி பார்த்தாள். இரண்டு வாரம் முயன்றேன். பகலில் விட்டேன், தூங்கிய பிறகு விட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். "இது கட்டிலா, கோழிக் கூடா?" என்று மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது தரையில் மெத்தை போட்டு, நானும் மகளும் அதில்தான் தூங்குகிறோம். கட்டிலில் மடிக்காத துணிகள் குவிந்து கிடக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நாத்தனார் சொன்னபோது வகுப்பறை என்பதையும் மறந்து அழுதுவிட்டேன். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்த பிறகு, சட்டையும் பவுடரும் வாங்கிக்கொண்டு தோட்டத்து லயத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். பழைய நூல்சேலையில் கட்டிய தொட்டிலில் பிள்ளை தூங்கியது. அவர் பிளேன்டீ ஊற்றினார், பிஸ்கட் வைத்தார். கட்டிலைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்பதற்காகத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"பாப்பா அந்தக் கட்டில்ல நல்லாத் தூங்குதா டீச்சர்?"

"நல்லாத் தூங்குறா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் ஆசைப்பட்ட பொருளை எடுத்துக்கொண்டு போய், அதில் துணி போட்டு வைத்திருக்கிறேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் சந்தோஷப்பட்டார். அதில் நடிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. "அப்ப சரி டீச்சர். வியாபாரி கைக்குப் போகாம ஒரு புள்ளைக்கு ஆச்சே" என்றார். நான் பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது கட்டிலைக் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால், அன்று பொய் சொன்னதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மகள் வளர்ந்துவிட்டாள் என்று சொல்லலாம். அது இன்னொரு பொய். அவளுக்குப் பதினொரு மாதம்தான் ஆகிறது. நாத்தனார் மூலம் அனுப்பினால், மற்றவர்கள் முன்னால் அவரைச் சங்கடப்படுத்தியது போலாகும். "குடுத்துட்டு வா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்கிறார் என் கணவர். "நம்ம புள்ளைக்கு ஒத்து வராததக் கழிச்சு விடுறாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்கிறார் மாமியார். இருவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. அவருடைய கணவர் அன்று கேட்ட விலையை எடுத்து நீட்டினால் வாங்குவதா, மறுப்பதா என்பதும் தெரியவில்லை. எது செய்தாலும் அவர்களுக்குக் குறைவாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று மாதம் ஆகப் போகிறது. இன்னும் சில வாரங்களில் குப்புறக் கவிழத் தொடங்கும், சேலைத் தொட்டில் போதாது. அதற்கு மேல் தாமதித்தால் கட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் பயன்படாமல் போய்விடும். இதை வாசிப்பவர்களில், ஒருவர் பயன்படுத்திய பொருளைக் கையில் வாங்கிக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். கொடுக்க வந்தவர் வாசலில் நின்று என்ன சொல்லியிருந்தால் உங்கள் மனம் நோகாமல் இருந்திருக்கும்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அந்த வார்த்தைகளையே சொல்லிக் கட்டிலைக் கொடுத்துவிடுகிறேன்.