ஒலுவில் கண்காட்சியில் பெட்டியைத் திறந்தது நானல்ல

"வயதான பெண்மணி ஒருவர் விளங்காமல் பெட்டியைத் திறந்ததால் பரிசோதனை பழுதானது" என்று ஒலுவில் அறிவியல் கண்காட்சிக் குழுவினர் முகநூலில் எழுதியிருக்கிறார்கள். கூடவே என் படம். எனக்கு எழுபத்து நான்கு வயது; அது மட்டும் சரி. கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள் நான். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொட்டால் அங்கே முழங்காலில் நிற்க வைப்பார்கள். பெட்டியை நான் திறக்கவில்லை. பரிசோதனையும் பழுதாகவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு றிஸானா கொழும்பில் இரசாயன ஆய்வு செய்கிறாள். இந்தக் கண்காட்சிக்கு வரும் பேராசிரியர்கள் இருவருக்கு அவளுடைய வேலை பிடித்தால், மேற்கொண்டு ஆய்வு செய்ய இடம் கிடைக்கும். அவளுடைய உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். எனவே துணைக்கு நான் போனேன்.

கடந்த சனிக்கிழமை காலை 7.15க்குக் கல்முனையில் ஆட்டோ ஏறினோம். ஏறத்தாழ 17 கிலோமீற்றர், 2,000 ரூபா. பஸ்ஸில் போனால் மிகவும் மலிவு, ஆனால் மீன்காரர் வைத்திருப்பது போன்ற வெள்ளை நுரைப் பெட்டியை, றெஜிபோம் பெட்டியை, கையில் ஏந்திக்கொண்டு அதில் நிற்க முடியாது.

"உள்ளுக்கு என்ன மாமி, மீனா? சீட்டெல்லாம் மணக்கப் போகுது" என்றார் டிரைவர்.

"மீனை விட இது கெதியாப் பழுதாகும். பள்ளத்தில விழுத்தாம ஓட்டுங்க தம்பி."

சாய்ந்தமருதில் சனநெரிசல். நிந்தவூர் தாண்டி வயல்வெளி வந்த பிறகுதான் கதைக்க முடிந்தது. ஐதரசனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருட் கலத்துக்கு, விலை கூடிய பிளாட்டினம் ஊக்கியாக வேண்டுமாம். சில பக்டீரியாக்களின் நொதியம் ஒன்று அதே வேலையைச் செய்யும். ஆனால் ஒட்சிசன் பட்டால் செத்துவிடும். றிஸானா அதை மெல்லிய பல்பகுதிய, அதாவது பொலிமர், படலத்துக்குள் புதைத்திருக்கிறாள். ஐதரசனிலிருந்து நொதியம் எடுக்கும் இலத்திரன்களில் கொஞ்சத்தைப் படலம் வெளிப்பக்கத்திலேயே ஒட்சிசனுக்குக் கொடுத்து, அதை அங்கேயே முடித்துவிடும்.

"உங்களப் போலத்தான் மாமி. வாற ஆக்களுக்கு முன் மண்டபத்திலயே தேத்தண்ணி குடுத்து அனுப்பிருவீங்க. ஒரு ஆளும் உள்ளுக்கு வர ஏலா."

"வீட்டை வீடா வெச்சிருக்கிறது குற்றமா?" என்றேன். டிரைவர் சிரித்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு மண்டபம். நைதரசன் நிரப்பி மூடிய பெட்டிக்குள் இரண்டு சிறு கலங்கள். இடப்பக்கம் வெறும் நொதியம், வலப்பக்கம் படலத்துக்குள் உள்ளது. ஐதரசன் குழாயைத் திறந்ததும் இரண்டு மின்மானிகளின் முள்ளும் எழும்பின. பேராசிரியர்கள் பத்து மணிக்கு வந்ததும், ஊசிக்குழாயால் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுக் காட்டுவது அவளுடைய திட்டம்.

ஒன்பதரைக்குப் பிரமுகர் வந்தார். நம் பகுதியில் பிரமுகர் வந்தால் எதையாவது கையால் திறக்காமல் போக மாட்டார். வாசல் ரிப்பனை முன்னரே வேறொருவர் வெட்டிவிட்டார். அதனால் குழுச் செயலாளர் றிஸானாவின் பெட்டி மூடியில் சிவப்பு ரிப்பனைக் கட்டினார்!

"சேர், திறக்க ஏலா. காத்துப் பட்டா நொதியம் செத்துரும்" என்றாள் றிஸானா.

"ஒரு செக்கன்தான் தங்கச்சி. போட்டோ எடுத்ததும் மூடிரலாம்" என்றார் செயலாளர்.

"தம்பி, அந்தப் பிள்ளை சொல்றது காதில விழல்லயா?" என்றேன் நான்.

"மாமி, நீங்க அங்கால இருங்க. இது உங்களுக்கு விளங்காது."

பிரமுகர் ரிப்பனை வெட்டி, மூடியைத் தூக்கினார். கைதட்டல். நான் எழும்பிப் போய் மூடியைப் பிடித்து அமத்தினேன். முகநூலில் உள்ள படம் அந்த நேரத்தில் எடுத்தது. நான் மூடுகிற படம் அது.

இடது முள் சரசரவென்று இறங்கிப் பூச்சியத்தில் விழுந்தது. வலது முள் சற்றே தாழ்ந்து, அப்படியே நின்றது. றிஸானா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமி, நிக்குது! பாருங்க, நிக்குது!"

பார்த்தேன். என் இரண்டு கண்ணிலும் வெண்புரை எடுத்தாகிவிட்டது. எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் செயலாளர், "பழுதாப் போச்சு, மேசைய ஒதுக்குங்கடா" என்று ஐதரசனை அடைக்க வைத்தார். ஐதரசன் இல்லாமல் படலம் எங்கே போய் இலத்திரன் எடுக்கும்? வலது நொதியம் அதற்குப் பிறகுதான் செத்தது. பத்து மணிக்கு வந்த பேராசிரியர்களுக்கு வெறும் மேசையையும், திறந்தது இவர்தான் என்று என்னையும் காட்டினார்கள். றிஸானா வாய் திறக்கும் முன் அவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

என் கணவர் மௌத்தாகி ஆறு வருடம். இருந்திருந்தால், "கோபத்தில எழுதாதீங்க, மூணு நாள் பொறுங்க" என்றிருப்பார். பொறுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒலுவிலுக்குக் கண்காட்சிப் பொருள் கொண்டு போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கு முன் புறப்படுங்கள், சாய்ந்தமருது நெரிசலுக்குத் தப்பலாம். குடிதண்ணீர் கொண்டு போங்கள். காற்றுப்படக் கூடாத பொருளென்றால் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்தல் ஒட்டினால் அதன் மேலேயே ரிப்பன் கட்டுவார்கள்.

கண்காட்சிக் குழுவினருக்கு: மூடியைத் திறந்தவர் யார், திறந்த பிறகு வலது முள் நின்றதா இல்லையா, ஐதரசனை அடைக்கச் சொன்னவர் யார்? தொலைபேசியில் மன்னிப்புக் கேட்க வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். இந்த மூன்றுக்கும் கையொப்பமிட்டு எழுத்தில் பதில் தாருங்கள்; பிரதியை அந்த இரு பேராசிரியர்களுக்கும் அனுப்புங்கள்.