வலது பக்கக் கைப்பிடிக் கம்பி

என் அண்ணனை ரயில் எஞ்சினிலிருந்து கீழே இறக்கியவள் நான். கை தவறியோ, தெரியாமலோ அல்ல... தெரிந்தே, யோசித்தே, இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தேன்!

எதைக் கொண்டு என்று கேட்பீர்கள். அரிசி அளவு துணியைக் கொண்டு.

வரிசையாகச் சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் வரும். மெக்கானிக்கல் படித்தவள். புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு இயந்திர உதிரிபாகங்களின் வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். மீதி நேரத்தில் மாடல் ரயில் எஞ்சின் செய்கிறேன். ஒரு சாண் நீள டீசல் எஞ்சின்... உண்மை வண்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு.

வெளிநாட்டு மாடல் ஒன்றை வாங்கி, அதன் மேலுடலை அறுத்து, நம் ஊர் வண்டியின் முகத்தை ஒட்டுவேன். மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துக் கைப்பிடிகள். ஹாரன், பிரேக் குழாய்கள், தண்டவாளத்தை உரசுவதுபோல் நிற்கும் மாட்டுத் தடுப்பு. நிறம், எண். எல்லாம் முடிந்தபின் அழுக்கு. ஆம், அழுக்குதான் கடைசி வேலை, கடினமான வேலை! புகைபோக்கியைச் சுற்றிக் கரி, சக்கரங்களில் துரு, எண்ணெய் வழிந்து காய்ந்த தடம். இவை இல்லையென்றால் அது வெறும் பொம்மை.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. 'ஒரு டீசல் எஞ்சின்' என்று பொதுவாக எதையும் செய்யக் கூடாது. ஓர் எண்ணுள்ள ஒரே வண்டியை, ஒரே ஒரு நாளில் அது எப்படி இருந்ததோ அப்படியே செய்ய வேண்டும். நேற்று இல்லாத கீறல் இன்று இருக்கும். இன்றுள்ள கரி நாளைய மழையில் போய்விடும். ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது... எந்த நாள்?

என் குற்றம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அண்ணன் செந்தில் உதவி ஓட்டுநராக ரயில்வேயில் சேர்ந்தான். அடுத்த முறை அதே தேர்வை நான் எழுதினேன்; தேறினேன். சான்றிதழ் சரிபார்க்க வரச் சொல்லி அழைப்பு வந்தது. சட்டையை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணனே வேணாங்குறான். அவனவிட ஒனக்குத் தெரியுமா? பேசாம உள்ள போ!"

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் போயிற்று. அந்த நாளும் போயிற்று.

மறுநாள் மாலை, மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஏறி வந்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பாராமலே பேசினான்.

"காரணம் தெரியாம என்னைய வையாத, பாப்பா. அப்பாகிட்டகூடச் சொல்லல. கீரனூர் தாண்டி வாரோம்... ஒரு பொம்பள லைனத் தாண்டிப் போயிருச்சு. தப்பிச்சிருச்சுன்னுதான் பாத்தேன். ஆட்டுக்குட்டி ஒண்ணு இங்கிட்டே நின்னுபோச்சு. அதப் புடிக்கத் திரும்பி வந்துச்சு, பாப்பா!"

சுவரின் காரையை நகத்தால் சுரண்டினான்.

"பிரேக் போட்டா ஒடனே நிக்கிற சாமானா அது? எறங்கிப் பாத்துட்டு, தகவல் சொல்லிட்டு, வண்டிய எடுத்தோம். அப்பறந்தான் கண்டேன். என் பக்கம், வலது கைப்பிடிக் கம்பியில சேலை கிழிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. கத்திரிப்பூக் கலரு. ஜன்னல்ல தலைய நீட்டுனா அதான் தெரியும். புதுக்கோட்டை வர்ற வரைக்கும் ஆடிக்கிட்டே வந்துச்சு. ஒனக்கு அது வேணாம், பாப்பா..."

அழுதான். என் அண்ணன் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மனதுக்குள் குறித்துக்கொண்டேன்... எந்தப் பக்கம், எந்தக் கம்பி, என்ன நிறம்!

அவன் எனக்காகத்தான் தடுத்தான் என்பது அந்த மாடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் செய்தேன் என்று நீங்கள் எனக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது. அவன் பயந்த ஒன்றுக்கு என் வாழ்க்கை எதற்காக விலையாக வேண்டும்? என்னைக் கேட்டானா? இதே கேள்வியை இன்றும் கேட்டுக்கொள்கிறேன். கேள்வி நியாயமானதுதான். நான் சொன்ன பதில்தான்...

அவனுக்கு ஓட்டுநராகப் பதவி உயர்வு வந்தது. வீட்டில் கிடா விருந்து வைப்பதென்று முடிவாயிற்று. பரிசாக எஞ்சின் செய்து தருகிறேன் என்றதும் அம்மாவுக்குக் கண் கலங்கிற்று; அண்ணனும் தங்கையும் சமாதானமாகிவிட்டார்களாம்!

கீரனூரில் அன்றைக்கு ஓடிய அந்த வண்டியின் எண்ணை அவனிடமே பேச்சுவாக்கில் வாங்கினேன். அந்த எண்ணைப் பதித்தேன். கடைசியாக, கத்திரிப்பூ நிறப் பட்டுக் கைக்குட்டையின் ஓரத்தை வெட்டினேன். எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால் அரிசி அளவுதான் வரும். துணியை அப்படியே ஒட்டினால் விறைத்து நிற்கும். காற்றில் ஆடுவதுபோல் இராது. நீர்த்த பசையில் ஊறவைத்து, ஊசி முனையால் இரண்டு மடிப்பு கொடுத்து, வலது பக்கக் கம்பியில் சுற்றினேன். நன்றாக வந்தது. மிக நன்றாக வந்தது!

விருந்தன்று எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்தேன்.

"ஏ மாப்ள! நீ ஓட்டுற வண்டிய ஒந்தங்கச்சி ஒரு சாணுக்குள்ள அடக்கிப்புட்டாளேப்பா!" என்று மாமா தொடையைத் தட்டினார். "இனிமே டூட்டிக்கு இதத் தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போ!"

எல்லாரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் குனிந்து பார்த்தாள். "அதென்னடி, ஓரத்துல கந்தலாட்டம்?"

"ரயில்னா ஏதாச்சும் சிக்கத்தான் செய்யும், சித்தி. அப்பத்தான் நெசமாத் தெரியும்."

சித்திக்குத்தான் பதில் சொன்னேன். பார்த்தது அண்ணனை.

அவன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. "நல்லா இருக்கு, பாப்பா" என்றான். விருந்தில் அவன் இலையில் வைத்த கறி அப்படியே இருந்தது.

அம்மா அதை டிவிக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்தால் நேர் எதிரே. ஒருநாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டான்.

"பாப்பா... அத மட்டும் எடுத்துரேன்."

"எதண்ணே?"

வாயைத் திறந்தான். மூடினான். அந்த வார்த்தையை அவனால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன். புருவத்தை உயர்த்திக்கொண்டு, ஒன்றுமறியாதவள்போல் காத்திருந்தேன்! அவன் எழுந்து போய்விட்டான்.

விருந்தன்று செய்ததைக்கூடக் கோபம் என்று சொல்லிவிடலாம். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபின், யாருமே இல்லாத தண்டவாளத்தில் அவன் பிரேக் போட்டான். ஒரு தடவையல்ல, திரும்பத் திரும்ப. விசாரித்தார்கள், மருத்துவரிடம் அனுப்பினார்கள். இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் எந்த வண்டியை எடுப்பது என்று மற்றவர்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கிறான். "நல்லா ஓட்டிக்கிட்டு இருந்த பய, யாரு கண்ணு பட்டுச்சோ" என்று அம்மா புலம்புகிறாள். என்னைத்தான் பக்கத்தில் உட்காரவைத்துப் புலம்புகிறாள்.

எனக்கு வேண்டியது இதுதானா? அவன் இறங்கியதால் நான் ஏறிவிட்டேனா? இல்லை. அந்த எஞ்சினின் படத்தை மாடல் செய்பவர்களின் குழுவில் போட்டேன். அழுக்கைப் புகழ்ந்து தள்ளினார்கள். அந்த ஊதாத் துணி அபாரமான கற்பனை என்றார் ஒருவர். நன்றி என்று எழுதினேன்.

சென்ற மாதம், வீட்டைக் கழுவிவிட்ட நாளில், அலமாரியைத் திறந்து துணியை எடுத்துவிட்டேன். ஒரு சொட்டுக் கரைப்பான், ஓர் இடுக்கி... அவ்வளவே. பசைத்தடம் தெரியாமல் கம்பியையும் துடைத்தேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் அவன் வருவதற்குக் காத்திருந்தேன்.

அண்ணன் சாப்பிட வந்தான். பார்த்துவிட்டான். எழுந்து போய், விருந்தன்றைக்குப் பிறகு முதல் தடவையாக, எஞ்சினைக் கையில் எடுத்தான். கட்டைவிரலால் அந்தக் கம்பியை நீவினான்.

"எடுத்துட்டியா?"

"ஆமாண்ணே."

"ஒன்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன், பாப்பா. புதுக்கோட்டையில வண்டி நின்னதும் நாந்தான் எறங்கி அதப் பிச்சு எடுத்தேன். காட்டன் வேஸ்ட்டுப் பஞ்ச நனைச்சு, கம்பியச் சுத்தமாத் தொடச்சேன். சிக்னல் விழுந்துச்சு. காரைக்குடிக்கு எடுத்துட்டுப் போயிட்டோம், ஒண்ணுமே நடக்காத மாதிரி."

எஞ்சினை அலமாரியில் வைத்தான். நேராக இருக்கிறதா என்று பார்த்து, விரலால் சற்றே நகர்த்தினான்.

"இப்பத்தான் அச்சு அசலா இருக்கு."

உட்கார்ந்து சாப்பிட்டான். குழம்பு ஊற்றச் சொன்னான். ஊற்றினேன்.

ஏன் செய்தாய் என்று அவன் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டான். மன்னித்துவிடு என்று நானும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால், எதற்கு என்று அவன் புருவத்தை உயர்த்துவானோ... எனக்கும் அந்த வார்த்தை வராதோ...

அந்தத் துணியை எறிந்துவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. என் மேசை இழுப்பறையில், திருகாணிகள் வைக்கும் பெட்டியில், தனிக் கட்டத்தில் இருக்கிறது. நேற்றும் திறந்து பார்த்தேன்.

நான் கொடுத்த மடிப்பு இன்னும் கலையவில்லை.