பிரேக் பிடிக்காத இறக்கம்

என் வீட்டுக்காரர் தன் சைக்கிளில் மட்கார்டு, செயின் கவர், கேரியர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தார். நாகமலையைக் குறுக்கே தாண்டி வேலைக்குப் போகிறவர். மேட்டில் தள்ளுவதற்கு எடை குறைய வேண்டும் என்பார்.

எழுபதுகளின் கடைசியில் அவருக்குக் குடல்வால் வெடித்து, மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் ஆகியும் சீழ் நிற்கவில்லை. நாலு நாளாகக் கண் திறந்திருந்தும் என்னை யாரென்று தெரியவில்லை. "இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா" என்று டாக்டர் போய்விட்டார். ராவும் பகலும் கொழுந்தன் துணைக்கு இருந்தான். பிள்ளைகளையும் மாட்டையும் பார்த்துவிட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் நான் போய் வருவேன்.

அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டிரைக் வந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் ஓட்டிய குரங்குப்பெடல். வேறு வழி? அவர் சைக்கிளையே எடுத்துக்கொண்டு, மலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். செயினில் மாட்டாதபடி, நடவுக்கு இறங்குகிற மாதிரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். முதல் நாள் பாருக்கு அடியில் காலை விட்டே தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் சீட்டில் ஏறிவிட்டேன். மலையடி டீக்கடையில் ஒருவர், "மாப்ள, ஓரமா நில்லுடா. யக்கா பிரேக்கு எதுன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கு" என்றார். மற்ற நாளாக இருந்தால் வண்டியை நிறுத்தி, பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போயிருப்பேன்.

சரளைப் பாதையில் தள்ளிக்கொண்டு ஏறும்போது ஒரே நினைப்பு. கட்டிலில் ஆள் இருக்குமா? மேட்டுக்கு மேலே நின்று மூச்சு வாங்குவேன். அப்புறம் இறக்கம். அந்த வண்டியில் கடகடக்க ஒரு தகரம் கிடையாது. டயர் கல்லை நசுக்குகிற சத்தமும் காற்றும்தான். மூன்றாம் நாள் பிரேக்கை விட்டேன். பெடலிலிருந்து காலையும் எடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. தாலி கழுத்தில் நிற்குமோ நிற்காதோ என்று போகிறவள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அன்றும் அவர் வெறித்துக்கொண்டுதான் கிடந்தார். பாரம் தாங்காமல் காதோரம் குனிந்து சொன்னேன்.

"உங்க வண்டியிலதான் வந்தேங்க. எறக்கத்துல நான் பிரேக்கே பிடிக்கல. அம்புட்டு சுகமா இருந்துச்சு. எனக்கு இது தகுமா, சொல்லுங்க."

உதடு அசைந்தது. என் காதில் விழுவதற்குள் இரண்டு தரம் சொல்லிவிட்டார். "கிறுக்கச்சி. கீழ கல்லு லாரி வரும்டி."

கொழுந்தன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "மதினி, அண்ணன் வையுது. ஒங்களத்தான் வையுது."

ஜுரம் நெருப்பாகத்தான் இருந்தது. வந்து பார்த்த டாக்டரும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி, "இன்னும் வைங்க, இன்னும் நாலு வார்த்தை வைங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.