அனகோண்டாவுக்கு மைக் பிடித்த டீ மேக்கர்

பொருட்காட்சிக் கூடாரத்தில் மைக் பிடிப்பவனுக்கு இரண்டே பயம்தான்: கூட்டம் வராமல் போய்விடுமோ என்பது ஒன்று, வந்த கூட்டம் கேள்வி கேட்டுவிடுமோ என்பது மற்றொன்று. தனக்கே நம்பிக்கையில்லாத சரக்கை நாள் முழுக்கப் புகழ்ந்து தொண்டை கட்டிப்போன அனுபவம் உங்களுக்கும் இருக்கிறதா? அப்படியானால் பக்கத்தில் உட்காருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.

பேர் வைத்த முதலாளி

தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருஷங்கள் அவை. குன்னூர்ப் பக்கம் இருபத்திரண்டு வருஷம் நான் டீ மேக்கராக இருந்து தூள் தயாரிப்பைக் கவனித்த ஃபேக்டரி, முதலில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, அப்புறம் கேட்டில் பூட்டுத் தொங்கியது. என் மனைவி சரோஜா கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தேன். அப்போதுதான் ஊட்டி சீசனுக்குப் பாம்புக் காட்சி போட வந்த மேட்டுப்பாளையத்து வேலுச்சாமி, குரல் நன்றாக இருக்கிறது என்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு கண்ணாடிப் பெட்டி, மேலே சூட்டுக்காக இரண்டு பெரிய பல்பு, கீழே பழுப்புத் திட்டுப் போட்ட பாம்பு. வாசல் பேனரில் 'அமேசான் காட்டு அனகோண்டா' என்று எழுதியிருந்தது. "ஏனுங்க, இது நம்ம மலைப்பாம்பாட்டம் இருக்குதுங்களே?" என்று கேட்டேன். வேலுச்சாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "மலைப்பாம்புன்னு போட்டா எவனுங்க டிக்கெட் எடுப்பான்? பர்லியார்ல பஸ்ஸ விட்டு எறங்கினா ஓசியிலயே பாத்துட்டுப் போயிருவான்."

படித்ததால் வந்த வினை

தெரியாத சரக்கைப் பற்றிப் பேச எனக்கு வராது. நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்து படித்தேன். அனகோண்டா தென் அமெரிக்கச் சதுப்பு நிலத்துப் பாம்பு, போவா என்கிற குடும்பம். நம்ம மலைப்பாம்பு வேறு குடும்பம். அனகோண்டாவிலேயே பச்சை, மஞ்சள் என்று வகைகள் உண்டு. உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்துக்கொண்டே வெளியே பார்க்க வசதியாகக் கண்ணும் மூக்கும் தலையின் உச்சியில் இருக்கும். ஆணைவிடப் பெண் பல மடங்கு பெரிசு. எல்லாவற்றுக்கும் மேலாக, மலைப்பாம்பு முட்டையிடும், அனகோண்டா குட்டி போடும். சல்லடை போட்டுத் தூளைத் தரம் பிரித்த கை சும்மா இருக்குமா? அத்தனையையும் மைக்கில் ஏற்றிவிட்டேன். "முட்டை போட்டா மலைப்பாம்பு, குட்டி போட்டா அனகோண்டா. இது குட்டி போடுமுங்க" என்று முடித்தால் கைதட்டல்தான். வேலுச்சாமிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மூன்றாவது வாரம், கோயமுத்தூர் டீச்சர் ஒருவர் தன் மாணவிகளோடு வந்து, கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். "கண்ணு உச்சியில இருக்கும்னீங்க. இதுக்குப் பக்கவாட்டுல இருக்குதுங்களே?" ஊட்டிக் குளிரிலும் எனக்கு முதுகு வேர்த்தது. "தண்ணியில விட்டா மேல வந்துருமுங்க" என்று உளறினேன். சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் கோபிக்கவில்லை, போகிற போக்கில் சொன்னார்: "நீங்க பாடத்த நல்லா மனப்பாடம் பண்ணிட்டீங்க. பாவம், பாம்புதான் இன்னும் படிக்கலீங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்

மாரியாயி அம்மா சிலோனிலிருந்து வந்த குடும்பம். எங்கள் எஸ்டேட்டில் இருபது வருஷம் கொழுந்து பறித்தவர். ஃபேக்டரி மூடியதில் அவருக்கும் வேலை போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் குடியிருப்பான லயத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு வந்து, கையைக் கட்டிக்கொண்டு என் பேச்சு முழுவதையும் கேட்டார். கூட்டம் கலைந்ததும் பெட்டிப் பக்கம் வந்தார். "எத்தன நாளா எரை எடுக்கல ஐயா?" என்று கேட்டார். ஒன்றரை மாசம் என்றேன். "வயித்தப் பல்புக்குக் காட்டிக்கிட்டே கெடக்கு பாருங்க. சூலா இருக்கு."

சூல் என்றால் வெளியே வரப்போவது முட்டை. குட்டி போடும் என்று தினம் மூன்று வேளை அறிவித்தது என் வாய். மலைப்பாம்பைப் பிடித்து அடைத்தால் ஜெயில் என்பதையும் அதே புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அம்மா ஜெயிலைப் பற்றிப் பேசவில்லை. கழிவுத் தூளைக் கலப்பவர்களால்தான் மலைத் தூளுக்கே பேர் கெட்டது என்று ஃபேக்டரியில் நான் கத்தாத நாள் கிடையாது, அதை ஞாபகம் வைத்திருந்தார். "கலப்படம்னு ஒரு மூட்டைய ரோட்டுல கொண்டுபோயி கொட்டுனீங்களே ஐயா. இப்ப நீங்களே கலக்குறீங்களா?"

சாக்குப் பை

அதிலிருந்து ஒன்பதாம் நாள் மத்தியானம், காட்சி இல்லாத நேரத்தில் பெட்டியை மூடி வைக்கும் திரையை விலக்கினேன். வெள்ளை வெளேரென்று முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. பாம்பு அவற்றைச் சுற்றிச் சுருண்டு, தலையை மேலே வைத்துப் படுத்திருந்தது. அதன் உடம்பு விட்டு விட்டு அதிர்ந்தது. குளிருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். முட்டைக்குச் சூடு கொடுக்க உடம்பைத் துடிக்க வைக்கும் என்று படித்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வேலுச்சாமி ஒரு சாக்குப் பையும் கொக்கிக் கம்பியுமாக வந்தார். நாலு மணிக் காட்சிக்குள் முட்டையை அள்ளி எறிந்துவிட வேண்டுமாம். "உள்ள உசுரு இருக்குதுங்க" என்றேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். "வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருமே உள்ள போவோமுங்க" என்றவர், என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "குட்டி போடும்னு ஊரெல்லாம் சொன்னது நானுங்களா, நீங்களா?"

நாலு மணிக் காட்சி

கூடாரம் நிரம்பி வழிந்தது. மைக் சத்தத்தில் காரியத்தை முடிக்கலாம் என்று வேலுச்சாமி திரைக்குப் பின்னால் தயாராக நின்றார். "அன்பான சுற்றுலாப் பயணிகளே" என்று ஆரம்பித்தேன். கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போய் வெடித்த சரோஜாவின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. திரும்பிப் பார்த்தேன், திரை இடுக்கில் கொக்கி பெட்டிக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. பாம்பு சீறவில்லை, கடிக்கவில்லை. முட்டைகளை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

திரையை இழுத்துத் திறந்துவிட்டேன். "இது அனகோண்டா இல்லீங்க. நம்ம மலைப்பாம்பு. முட்டை வெச்சு அடைகாக்குது. இத்தன நாளும் நான் சொன்னது பொய்யுங்க." அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், முன்னால் நின்றவர்கள் ஒரு கண் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். வேலுச்சாமி சாக்குப் பை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

வனத்துறை அலுவலகத்துக்கு நானே நடந்து போனேன். அவர்கள் தாயையும் முட்டைகளையும் பதனமாக வெயில் படும் கீழ்மலைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் இரண்டு பேர் மேலும் கேஸ். ஒன்றாகத்தான் கோர்ட்டுக்குப் போய் வந்தோம், பஸ்ஸில் வேலுச்சாமி என் பக்கத்தில் உட்கார மாட்டார். இரண்டு மாசம் கழித்துப் பதினொரு குஞ்சுகள் பொரிந்ததாகச் செய்தி வந்தபோது, சரோஜாவோடு கேரட் கழுவிக்கொண்டிருந்தேன். சேறான கையோடு நின்று அழுதுவிட்டேன். எதிரே கூடை தூக்கிக்கொண்டிருந்த மாரியாயி அம்மா சொன்னார்: "ஃபேக்டரி தொறந்தா தூளு பாக்க ஒங்களத்தான் கூப்பிடச் சொல்லுவோம் ஐயா. தொறக்கணுமே."

இருபத்திரண்டு வருஷம் தூளைச் சலித்துத் தரம் பிரித்தவனை, முட்டையை விட்டு நகராத ஒரு பாம்பு ஒரே சாயங்காலத்தில் சலித்துப் போட்டுவிட்டது.