மாதா பாட்டுக்குக் கிளம்பும் பஸ்

செலின் எனக்குக் கொழுந்தியாள். என் மனைவி ஜெயகுமாரிக்கு நேர் இளையவள். அவர்கள் அப்பா கிறிஸ்துதாஸ், பூந்தமல்லிக் கோவிலில் உபதேசியாராக இருந்தவர். சாமியார் வர முடியாத நாட்களில் ஜெபம் சொல்லி வைப்பார். அவருக்கு நாலும் பெண்கள். மூத்தவளைத் திருவள்ளூரில் கொடுத்தார்கள். இரண்டாவது நான் கட்டினது. மூன்றாவது செலின். நாலாவது செங்கல்பட்டில் இருக்கிறாள். நாலு பேருக்கும் ஒரே சாயல். கல்யாண வீடுகளில் பின்னாலிருந்து பார்த்து ஆள் மாற்றிக் கூப்பிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் செலினை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. அப்படி ஒரு குரல். பத்து வயதில் கோவிலில் வாசகம் வாசிக்க அவளை ஏற்றிவிட்டார்கள். மைக் எட்டவில்லை என்று காலுக்குக் கீழே மெழுகுவர்த்திப் பெட்டியைப் போட்டு நிற்க வைத்தார்கள்.

அவளைக் கட்டியவன் பாஸ்கல். கடைகளுக்குப் போர்டு எழுதுவது அவன் தொழில். பாஸ்கலின் அம்மா எனக்கு ஒன்றுவிட்ட அத்தை. அந்த வழியில் அவன் எனக்கு மச்சான், இந்த வழியில் சகலை. எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பான், கோபப்பட மாட்டான்.

எண்பத்திரண்டாம் வருஷம் வீரராகவன் என்பவர் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், டீக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து ஒலிபரப்பு நிலையம் ஆரம்பித்தார். ஆகாயத்தில் வருகிற ரேடியோ இல்லை இது. அறையில் மைக்கும் டேப்பும் இருக்கும். அங்கிருந்து கம்பி இழுத்து பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கடைத்தெரு என்று கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருப்பார்கள். கடைசிக் குழாய் கரையான்சாவடி முனையில் இருந்தது. பாட்டு போடுவார்கள், நடுவில் கடை விளம்பரம் சொல்வார்கள், பிள்ளை காணோம், ரேஷன் கார்டு கிடைத்தது என்றும் சொல்வார்கள். ஊரில் எல்லோரும் அதை ரேடியோ என்றே சொன்னோம்.

'ஸ்ரீ அலர்மேல்மங்கா விளம்பர ஒலிபரப்பு நிலையம்' என்று போர்டு எழுதியவன் பாஸ்கல்தான். அவனுக்குச் சாப்பாடு கொண்டு போனாள் செலின். அன்றைக்குப் பேச வைத்திருந்த ஆளுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை விளம்பரம் ஒன்றைப் படிக்க ஆளில்லாமல் வீரராகவன் கையைப் பிசைந்துகொண்டிருக்க, நான் படிக்கட்டுமா என்று இவள் கேட்டாள். படித்தாள். மறுநாளிலிருந்து அந்த நாற்காலி அவளுடையது. பாஸ்கல் அன்று சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டதாக வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

காலையில் மூன்று பாட்டு. ஐந்தரைக்குப் பிள்ளையார் பாட்டு. ஐந்தே முக்காலுக்கு நாகூர் பாட்டு. ஆறேகாலுக்கு மாதா பாட்டு. இடையில் அறிவிப்பும் விளம்பரமும். செலின் ஒரு அலாரக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிஷம் பிசகாமல் போடுவாள். ஆனால் மணி இத்தனை என்று மைக்கில் சொன்னதே கிடையாது. சொல்லத் தேவைப்படவில்லை. ஊர் பாட்டைக் கேட்டே எழுந்தது, குளித்தது, ஓடியது. பூக்காரி வேம்புலியம்மாள் நாகூர் பாட்டு முடிவதற்குள் கூடையைத் தூக்கிவிடுவாள். நாங்கள் ஒரு பஸ் நிறையப் பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு செய்கிற ஒரு கம்பெனியில் வேலை செய்தோம். எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டியவர் கன்னியப்பன். மாதா பாட்டில் இரண்டாவது சரணம் ஆரம்பித்தால் அவர் கிளச்சை விட்டுவிடுவார். அதற்குள் ஏறினவன் ஏறினான். ஏறாதவன் திருவேற்காடு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கேட்டில் பல்லைக் காட்ட வேண்டியதுதான். எங்கள் எல்லோர் கையிலும் வாட்ச் இருந்தது. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது. அழகுக்குக் கட்டிக்கொண்டோம்.

பன்னிரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. தொண்ணூற்று நாலில் வீரராகவனுக்கு முட்டிவலி வந்து மாடிப்படி ஏற முடியவில்லை. தன் தங்கை மகன் கங்காதரனிடம் நிலையத்தை ஒப்படைத்தார். கங்காதரன் முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட்டில் குடியிருந்தவன். கெட்டவன் இல்லை, சிரித்த முகம், வேகமான ஆள். பட்டணத்தில் எஃப்.எம். வந்துவிட்டது, இன்னும் பிள்ளை காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் எவன் விளம்பரம் கொடுப்பான் என்பது அவன் கட்சி. பெயரை மாற்றினான். 'சூப்பர் வேவ்ஸ்.' காலை முதல் இரவு வரை புதுப்படப் பாட்டு மட்டும், அதிலும் ஆடுகிற பாட்டாக. விளம்பரங்களைக் கோடம்பாக்கத்தில் ஒரு பையனை வைத்து கேசட்டில் பதிந்துகொண்டு வந்தான். அந்தப் பையன் மூச்சு விடாமல் பேசினான். எந்தக் கடை என்று தெரிவதற்குள் அடுத்த கடை வந்துவிடும்.

செலினைக் கூப்பிட்டு, மாதக் கடைசி வரை வந்து காலையில் மெஷினை மட்டும் போட்டுவிடுங்கள் அக்கா, மைக்கைத் தொட வேண்டாம், அப்புறம் வேறு ஆள் வந்துவிடுவான் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. ஜெயகுமாரி முறுக்கு கொண்டுவந்து வைத்தாள், அதையும் தின்றாள். வேறு வேலை தேடிக்கொள்ளலாம், எக்ஸ்போர்ட் கம்பெனியில் எடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

"வேலைக்கு இன்னா மாமா, எங்க போனாலும் கெடைக்கும்" என்றாள். "கோயில்ல நான் உபதேசியார் பொண்ணு. தெருவுல பெயிண்டர் சம்சாரம். அந்த ரூம்ல மட்டும்தான் நான் செலின்."



இதில் கூத்து என்னவென்றால், புதுப் போர்டை எழுதும் வேலையும் பாஸ்கலுக்கே வந்தது. மாட்டேன் என்று அவன் முறுக்கிக்கொண்டான். செலின்தான் விடவில்லை.

"எழுதுய்யா. வேற எவனாவது எழுதி கோணலா போச்சுன்னா, அதையும் பெயிண்டர் பாஸ்கல் எழுதினதுன்னுதான் சொல்வானுங்க."

எழுதினான். சிவப்பில் மஞ்சள் நிழல் கொடுத்து, ஓரத்தில் அலை அலையாக. நன்றாகவே இருந்தது. செலின் கீழே நின்று பார்த்து, 'வே'க்குக் கொம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று குறையும் சொன்னாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சூப்பர் வேவ்ஸ் ஆரம்பித்தது. ஐந்தரைக்கு டமடமவென்று ஒரு பாட்டு. நான் புரண்டு படுத்து, யார் வீட்டிலோ காதுகுத்து என்று நினைத்தேன். பிள்ளையார் பாட்டுக்காகக் காத்துக் காத்து ஊரே படுத்திருந்தது. கன்னியப்பன் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, மாதா பாட்டு வரட்டும் என்று மூன்று கிளாஸ் டீ குடித்தாராம். விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் ஒவ்வொருவராக முழித்துக்கொண்டோம். கம்பெனி கேட்டில் முக்கால் மணி நேரம் லேட். பஸ்ஸோடு மொத்தப் பேரையும் நிற்க வைத்து சூப்பர்வைசர் காரணம் கேட்டார். பாட்டு போடவில்லை சார் என்றார் கன்னியப்பன். அவர் அதை எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

சாயங்காலம் நாங்கள் பத்துப் பேர் மாடியேறிப் போனோம். எங்களுக்கு முன்னால் வேம்புலியம்மாள் காலிக் கூடையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு கொஞ்சம் ஏறத்தான் செய்தது. கங்காதரன் தகராறு பண்ணவில்லை. மூன்று பாட்டுத்தானே, போட்டுவிட்டால் போயிற்று, இன்றைக்கே கேசட்டில் ஏற்றிவிடுகிறேன் என்றான். செலினைத் திரும்ப மைக்கில் உட்கார வைக்கச் சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அதற்குள் அவனே, பாட்டு கேசட்டில் வந்துவிட்டால் ஆளே தேவையில்லை, அக்கா பொத்தானை அழுத்தினால் போதும் என்று முடித்துவிட்டான். செலின் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கிப் போயிற்று. நம்மால் வந்த வினை என்று எனக்கு இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். பிள்ளையார் பாட்டு வந்தது. முடிந்த கையோடு நாகூர் பாட்டு வந்தது. அப்போதே அவள் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். கங்காதரன் மூன்று பாட்டையும் ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி விடாமல் பதிந்து வைத்திருந்தான். நடுவில் எத்தனை நிமிஷம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? எங்களுக்கே நாங்கள் சொல்லிக்கொண்டது கிடையாது. ஐந்து நாற்பதுக்கு மாதா பாட்டு வந்துவிட்டது.

அன்றைக்குத் தூறல். விடியலே தெரியாத கருக்கல். ஊர் என்ன செய்யும்? முதல் நாள் லேட்டாகப் போய்ப் பட்ட பயம் வேறு. நான் ஒரு பக்கம் சவரம் செய்த முகத்தோடு ஓடினேன். ஒருத்தன் லுங்கியோடு வந்து பஸ்ஸில் பேன்ட் மாட்டினான். பாதிப் பேர் இன்னும் தெருவில் ஓடி வந்துகொண்டிருக்க, இரண்டாவது சரணம் ஆரம்பித்தது. கன்னியப்பன் கிளச்சை விட்டார்.

மேலே ஜன்னல் வழியாக செலின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறான். தொட்டால் மாதக் கடைசி வரைகூட இல்லை, இன்றே போக வேண்டியதுதான். கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாளாம். பஸ் வளைவில் திரும்பியதும் டேப்பை நிறுத்தி மைக்கைப் போட்டாள்.

பன்னிரண்டு வருஷமாக மைக்கில் அவள் 'அன்பான நேயர்களே' என்று புத்தகத் தமிழ்தான் பேசியிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல் தடவை வீட்டில் பேசுகிற மாதிரி பேசினாள். கரையான்சாவடி முனையில் ஆள் ஏற்ற வண்டி நின்றபோது, தலைக்கு மேலே குழாயில் கேட்டது.

"கன்னியப்பண்ணே, வண்டிய திருப்பு. மணி இன்னும் ஆறுகூட ஆவல. பாட்டு முன்னாடி வந்துட்ச்சி. பாதி பேரு இங்க ரோட்டுல ஓடிகினு கீறாங்க. மாமா, முன் சீட்டுல கீறியா? அவருக்குச் சொல்லு."

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. நான் சவரம் செய்யாத பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டேன். கன்னியப்பன் தன் வாட்சைத் திருப்பிப் பார்த்தார்.

"அட, இதுவும் அஞ்சே முக்கால்தான் காட்டுது. பாட்ட கேட்டு, இதுதான் நின்னுபோச்சுன்னு நெனச்சிகினு கீறேன்."

வண்டி திரும்பியது.

கங்காதரன் தன் கேசட்டை ஊர் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க அன்று விடியலிலேயே ஸ்கூட்டரில் வந்து, கீழே டீக்கடையில்தான் நின்றிருக்கிறான். செலின் குரல் கேட்டதும் இரண்டிரண்டு படியாக ஏறினான். அவள் கடிகாரத்தையும் சாப்பாட்டு டப்பாவையும் கூடையில் எடுத்து வைத்து, கிளம்பத் தயாராக நின்றாள்.

"தொடாதேன்னு சொன்னேனேக்கா."

"சொன்னே, தொட்டுட்டேன். நான் வர்றேன்."

அதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது. கன்னியப்பனும் நாங்களும் மேலே போனோம். யாரும் சண்டை போடவில்லை. கன்னியப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தோ பாரு நைனா, ஆறேகாலுக்கு யார் பாட்டு போடுவாங்க? அத்த மட்டும் சொல்லு. நான் வண்டி எடுக்கணும்."

கங்காதரன் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தான். தூறலில் விளக்குப் போட்டுக்கொண்டு பஸ் நின்றது. ஓடி வந்தவர்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் எல்லோரும் மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போற பஸ்ஸத் திருப்புற குரல ரூமுக்குள்ள வச்சிகினு, நான் கோடம்பாக்கத்துல போயி ஆள் தேடிகினு கீறேன்" என்றான். பிறகு செலின் பக்கம் திரும்பி, "உக்காருக்கா" என்றான்.

செலின் உட்காரவில்லை.

"காலைல பாட்டு என் கடிகாரப்படிதான். மாசக் கடைசி, வேற ஆளுன்னு இனிமே பேச்சு இருக்கக் கூடாது."

"சரிக்கா. ஆனா பேரு சூப்பர் வேவ்ஸ்தான். ஏழு மணிக்கு மேல புதுப் பாட்டுதான். அதுல நான் எறங்கி வர மாட்டேன்."

"உன்ன யாரு எறங்கச் சொன்னாங்க? அந்த டமடம பாட்டு எனக்கும் புடிச்சிதான் கீது. அந்தப் பையன் பேசுறதுதான் புரியல. நானே சொல்றேன்."

கூடையை இறக்கி வைத்தாள். கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் நிறுத்தினாள். ஆறேகாலுக்கு மாதா பாட்டு மறுபடி வந்தது. இந்தத் தடவை ஊரில் ஒருவரும் ஓடவில்லை. எல்லோரும் ஏற்கெனவே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நாங்கள் வந்து இறங்கும்போது, "அன்பான நேயர்களே, நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது சூப்பர் வேவ்ஸ்" என்று செலின் குழாயில் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, ஆடுகிற பாட்டு ஒன்றைப் போட்டாள். டீக்கடை வாசலில் பாஸ்கல் அதற்குத் தலையாட்டிக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு இன்னும் ஆறு வருஷம் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை.