ராகலைச் சாலையில் இரண்டு சாவிகள்

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ் அரை மணி நேரமாக நகரவில்லை. நானுஓயாவில் ரயிலைத் தவறவிடுவேனோ என்று கடிகாரத்தையே பார்க்கிறேன். சாலையின் மேல்பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆண்கள், கீழ்ப்பக்கம் சிங்களக் கிராமத்து ஆண்கள். எண்ணினால் பக்கத்துக்கு நாற்பது பேர் தேறுவார்கள். ஒரே ஊற்றிலிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கும் கிராமத்துக்கும் போகும் இரண்டு குழாய்களில், அடுத்த பக்கத்துக் குழாயை ஒவ்வொரு பக்கத்து ஆண்களும் நேற்று பூட்டிவிட்டதால் கைகலப்பு.

நடுச் சாலையில் இரு பக்கத்துப் பெண்களும் ஒன்றாக நின்று, தமிழும் சிங்களமும் கலந்து பேசுகிறார்கள். கடைசியில் பூட்டுச் சாவிகள் ஆண்களிடமிருந்து பெண்கள் கைக்கு மாறுகின்றன. லயத்துக் குழாயின் சாவி கிராமத்துச் சோமாவிடம் போகிறது. கிராமத்துச் சாவியைக் கொழுந்து பறிக்கும் செல்வமணி வாங்கிக்கொள்கிறார்.

ஜன்னல் வழியே கேட்கிறேன்.

"ஏம்மா, நாளைக்கு அவங்க தொறக்காம விட்டா?"

"அவங்க சாவி எங்கிட்டதானேங்க ஐயா இருக்கு," என்கிறார் செல்வமணி. "தெனம் காலைல நான் அங்க போகணும், சோமா இங்க வரணும். தெனம் பாக்குற மொகத்துகிட்ட எத்தன நாளைக்குச் சண்ட போடுறது? ஆம்பளைங்க கையில குடுத்தா சாவியையே தொலைச்சிருவாங்க."

சோமா மேலே ஏறுகிறார். செல்வமணி கீழே இறங்குகிறார். அந்தக் கூட்டம் இவருக்கு வழி விடுமா? பஸ்ஸே எழுந்து நிற்கிறது. முதலில் ஒரு பெரியவர் ஒதுங்குகிறார், பிறகு மூன்று பேர், பிறகு எல்லோரும்.

சற்று நேரத்தில் சாலையோரத்தில் கிராமத்துக் குழாய் இருமிச் செம்மண் நீரைத் துப்புகிறது. பஸ்ஸில் முதலில் கைதட்டியவன் நான்தான்.