வின்ஸ்டன் அண்ணை தலைவரிடம் கேட்ட கேள்வி

சூடான இறைச்சிப் பற்றிஸின் மிளகாய் வாசம், மாவு மெஷினின் சத்தம், அதையும் மீறி வின்ஸ்டன் அண்ணையின் குரல்... ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நான் முதலில் வேலை செய்த கரீபியன் பேக்கரி இப்படித்தான் இருந்தது.

அவர் எங்கள் சூப்பர்வைசர். ஏதோ ஒரு குட்டிக் கரீபியன் தீவுக்காரர். தமிழ்ப் பெடியள் நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டோம். பேசுவது இங்கிலிஷ்தான், ஆனால் எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் எங்கள் தமிழில்.

வாயைத் திறந்தால் தன் தீவுக் கட்சியின் கதை. கரும்புத் தோட்டத் தொழிலாளர் சங்கமாகத் தொடங்கியதாம். ஸ்தாபகர் கழுதையில் ஏறி ஊரூராகப் போனவராம். அவர் செத்ததும் மருமகன் தலைவரானார். பின்னாலேயே வியாபாரிகளும் காணிக்காரரும் நுழைய, அது பழமைவாதக் கட்சியாகிவிட்டது. தலை நரைத்தும் மருமகன் கதிரையை விடவில்லை.

"கட்சி என்ரை. அந்த மருமோன்தான் சரியில்லை" என்பார்.

அந்த மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவுக்கு வந்தார். சேர்ச் ஹோலில் கூட்டம். பற்றிஸ் பெட்டி தூக்க நானும் போனேன்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கூட்டம் என்றால் சில பழக்கங்கள் உண்டு. கதவடிக் கதிரைதான் வேண்டும். வீடியோக்காரன் திரும்பினால் முகம் படாமல் குனிந்து சப்பாத்து லேஸ் கட்ட வேண்டும். அன்றைக்கு நான் லேஸ் கட்டியே களைத்துப்போனேன்.

வின்ஸ்டன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "இது கனடா. ஆருக்கடா பயப்பிடுறாய்?"

பிறகு எழும்பினார்.

"தலைவர், நீங்கள் எப்ப இறங்கப் போறியள்?"

கமரா அவர் முகத்திலேயே நின்றது. அவருடைய அம்மா தீவில் தனியாக இருக்கிறா என்பது எனக்குத் தெரியும். இங்கே ஒருவர் வாய் திறந்தால் ஊரில் யாருடைய கதவைத் தட்டுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

"அண்ணை, இருங்கோ... அம்மா அங்கை இருக்கிறா!" அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு என்ன விளங்கும்?

தலைவர் கோபிக்கவே இல்லை. சிரித்தபடி பெயரைக் கேட்டார். எந்த ஊர் என்றும் கேட்டார். ஐயோ, அண்ணை இரண்டையும் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் வேலையில் நிற்கும்போதே அண்ணைக்கு அம்மாவின் போன் வந்தது. கட்சிச் சட்டை போட்ட சிலர் வீட்டுக்கு வந்தார்களாம். மரியாதையாக இருந்து தேத்தண்ணி குடித்தார்களாம். "உங்கடை மகன் ரொறன்ரோவிலை நல்லாக் கதைச்சவர்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அவ்வளவுதான் நடந்தது. மாவு ஒட்டிய கையோடு வின்ஸ்டன் அண்ணை சுவரில் சாய்ந்து நின்றார். அதன் பிறகு கட்சியைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

இப்போது நான் மார்க்கம் என்ற பக்கத்து நகரில். அவர் பென்ஷன் எடுத்துக்கொண்டு மிசிசாகாவில். அந்த அம்மா நல்லபடியாக இருந்து, வயது போய்த்தான் காலமானா. கட்சித் தலைவர் மருமகனும் போய்ச் சேர்ந்துவிட்டார். தீவில் அண்ணைக்கென்று இனி ஒருவரும் இல்லை.

போன கிழமை பார்த்தால், அந்தக் கட்சிக்குப் புதுத் தலைவியாம்! சந்தோஷத்தில் உடனே அவருக்குப் போன் எடுத்தேன். அந்தப் பழைய குரலை ஒருக்கால் கேட்க அவ்வளவு ஆசை.

"அண்ணை, புதுத் தலைவி எப்பிடி?"

அந்தப் பெரிய குரல் கிசுகிசுப்பாகியது.

"உனக்குப் பக்கத்திலை ஆர் நிக்கினம்?" என்று கேட்டார்.